பாறுகள் போன பிறகு எத்தனை பேர் இறந்தார்கள்?

பொருளியல் ஆய்விதழ்களில் பறவைகளுக்குப் பொதுவாக வேலை இல்லை. வட்டி, கூலி, வரி என்று ஓடும் அந்தப் பக்கங்களில் 2024-ஆம் ஆண்டு பிணந்தின்னிக் கழுகு வந்து உட்கார்ந்தது. இதழ், அத்துறையினர் பெரிதும் மதிக்கும் 'அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ'. எழுதியவர்கள் சிகாகோ பல்கலைக்கழகத்தின் எயால் ஃபிராங்க், வாரிக் பல்கலைக்கழகத்தின் அனந்த் சுதர்சன். இந்தியாவில் இந்தப் பறவைகள் அழிந்ததால் 2000 முதல் 2005 வரையிலான ஐந்தாண்டுகளில் ஏறத்தாழ ஐந்து லட்சம் மனிதர்கள் கூடுதலாக இறந்தார்கள் என்பது அவர்கள் கண்ட முடிவு.

ஐந்து லட்சம் என்பது ஒரு நடுத்தர நகரத்தின் மக்கள்தொகை. செய்தித்தாள்கள் இந்த எண்ணைப் பெரிய எழுத்தில் போட்டுவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விட்டன. முதலில் படித்தபோது நான் நம்பவில்லை. ஒரு பறவை இல்லாமல் போனதற்கும் ஊரில் ஒருவர் இறந்ததற்கும் நடுவே எத்தனை காரணங்கள் புகுந்துகொள்ள முடியும்! அப்படியிருக்க இந்த எண்ணை எங்கிருந்து எடுத்தார்கள் என்று தேடிப்போனால், அது ஒரு பறவையின் சிறுநீரகத்தில் தொடங்கி, மருந்துக்கடை வழியாக, ஊர்ப்புறத்து நாய்கள் வரைக்கும் போகிறது.

முதலில் பெயரைச் சரிசெய்துகொள்வோம். கழுகு துரத்திப் பிடித்துக் கொல்லும் பறவை. நாம் பேசப்போவது கொல்லத் தெரியாத பறவையைப் பற்றி. அதன் கால்கள் கோழிக்கால்களைப் போல நடப்பதற்கு ஆனவை. நகத்தில் இரையைக் கவ்வும் வலு கிடையாது. செத்ததை மட்டுமே உண்ணும். இதற்குத் தமிழில் பாறு என்று நல்ல பழைய சொல் இருக்கிறது. சங்கப் பாடல்களில் எருவை என்றும் வரும். பிணந்தின்னி என்ற பெயரில் ஓர் அருவருப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த அருவருப்புக்கும் இந்தப் பறவையின் கதிக்கும் கொஞ்சம் தொடர்பு உண்டு என்பது என் எண்ணம். மயில் இந்த வேகத்தில் செத்திருந்தால் நாடு சும்மா இருந்திருக்காது.

தமிழ்நாட்டில் நிலையாக வாழ்பவை நான்கு வகை: வெண்முதுகுப் பாறு, கருங்கழுத்துப் பாறு, செம்முகப் பாறு, மஞ்சள்முகப் பாறு. கடைசியாகச் சொன்னதைப் பழைய தலைமுறையினர் பலர் நேரில் பார்த்திருப்பார்கள். செங்கற்பட்டுக்கு அருகே திருக்கழுக்குன்றத்து மலைமேல் நண்பகலில் வந்து இறங்கி, கோயிலார் கையால் சர்க்கரைப் பொங்கல் உண்டுவிட்டுப் போன அந்த இரண்டு பறவைகள் மஞ்சள்முகப் பாறுகள்தாம். காசியில் நீராடிவிட்டு வருவதாக ஐதீகம். மலையேறி வந்த கூட்டம் வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு காத்திருக்கும். 1990-களில் அவற்றின் வரவு நின்றுபோனது. இரண்டு பறவைகள் வராததை வைத்து எதையும் நிறுவிவிட முடியாது. ஆனால் நாட்டில் வேறெங்கும் பாறுகள் வந்தனவா, வரவில்லையா என்று தினமும் பார்க்க ஒரு கூட்டம் நிற்கவில்லை. இந்தக் கதையின் முதல் சிக்கலே அதுதான்.

1980-களில் இந்தியாவில் பாறுகள் கோடிக்கணக்கில் இருந்தன. நான்கு கோடி என்பது அடிக்கடி சொல்லப்படும் மதிப்பீடு. டெல்லியில் தெருவோர மரங்களில்கூடக் கூடு கட்டின. காக்கையை யாராவது எண்ணுவார்களா? அப்படித்தான் பாறுகளையும் யாரும் எண்ணவில்லை. நல்லவேளையாக, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் 1990 முதல் 1993 வரை வட இந்தியச் சாலைகளில் வண்டியில் போய் வேட்டைப் பறவைகளைக் கணக்கெடுத்திருந்தார்கள். பாறுகளுக்காகச் செய்த வேலை அல்ல அது. ஆனால் பின்னாளில் ஒப்பிட்டுப் பார்க்க நாட்டிடம் இருந்த பரவலான அடிப்படைக் கணக்கு அது ஒன்றுதான்.

ராஜஸ்தானின் பரத்பூர் பறவைகள் சரணாலயத்தில் அதே கழகத்தைச் சேர்ந்த விபு பிரகாஷ் 1987-88-இல் வெண்முதுகுப் பாறுகளின் கூடுகளை எண்ணியபோது 353 இருந்தன. பத்தாண்டுகளுக்குள் அது பாதிக்கும் கீழே போனது. அடுத்த சில ஆண்டுகளில் ஒரு கூடுகூட இல்லை. பறவைகள் கிளையில் உட்கார்ந்தபடியே தலையைத் தொங்கப்போட்டிருந்தன. சில நாள், சில வாரம் அப்படியே இருந்துவிட்டு மரத்தடியில் விழுந்து கிடந்தன. 1990-களின் சாலைக் கணக்கெடுப்பைத் திரும்பச் செய்தபோது, 1992-க்கும் 2007-க்கும் இடையில் வெண்முதுகுப் பாறுகள் 99.9 விழுக்காடு குறைந்துவிட்டது தெரிந்தது. அதாவது, ஆயிரம் இருந்த இடத்தில் ஒன்று. உலகில் எந்தப் பறவையும் இவ்வளவு விரைவாக இவ்வளவு பெரிய பரப்பில் சரிந்ததற்கு எடுத்துக்காட்டுகள் மிகக் குறைவு.

காரணம் என்ன என்பதில் முதல் சில ஆண்டுகள் எல்லோரும் இருட்டில் கைவிட்டுத் துழாவினார்கள். பூச்சிக்கொல்லி என்றார்கள் சிலர். உணவுப் பஞ்சம் என்றார்கள் வேறு சிலர். மாடுகள் செத்துக்கொண்டுதான் இருந்தன, உண்ணத்தான் ஆளில்லை. பெரும்பாலோர் புதிய வைரஸ் ஒன்றையே சந்தேகித்தார்கள். தலை தொங்குவது, கூட்டம் கூட்டமாகச் சாவது எல்லாம் தொற்றுநோய் போலத்தான் தோன்றின.

விடை எல்லைக்கு அப்பால் பாகிஸ்தான் பஞ்சாபில் கிடைத்தது. அமெரிக்கக் கால்நடை நோயியலாளர் லிண்ட்சே ஓக்ஸ் தலைமையிலான குழு செத்த பறவைகளை அறுத்துப் பார்த்தது. வயிற்றைத் திறந்தால் ஈரலின் மேலும் இதயத்தைச் சுற்றிய சவ்வின் மேலும் சுண்ணாம்பு அடித்தாற்போல வெள்ளையாக ஒரு பூச்சு. அது யூரிக் அமிலம். நாம் கழிவை யூரியாவாக நீரில் கரைத்துச் சிறுநீராக வெளியேற்றுகிறோம். பறவைகள் யூரிக் அமிலமாக வெளியேற்றுகின்றன. எச்சத்தில் பார்க்கும் வெள்ளைப் பகுதி அதுதான். சிறுநீரகம் நின்றுபோனால் அது வெளியே போக வழியில்லாமல் இரத்தத்தில் கூடி, உள்ளுறுப்புகளின் மேல் படிகமாகப் படிந்துவிடும். ஆக, பறவைகள் சிறுநீரகம் செயலிழந்து செத்தன. வைரஸைத் தேடினார்கள், இல்லை. கன உலோகங்களைத் தேடினார்கள், இல்லை.

அப்போதுதான் அந்தக் குழு மிக எளிமையான ஒரு கேள்வியைக் கேட்டது. இந்தப் பறவை உண்பதெல்லாம் செத்த மாடு, எருமை. அப்படியானால் மாட்டின் உடம்புக்குள் அண்மையில் புதிதாக என்ன போகத் தொடங்கியது? கால்நடை மருத்துவர்களையும் மருந்து விற்பவர்களையும் போய்க் கேட்டார்கள். சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது, வாய்வழி போனாலும் உடம்பில் சேரக்கூடியது, பரவலாக விற்பது, புதிது என்ற நான்கும் பொருந்திய மருந்து ஒன்றே ஒன்று: டைக்ளோஃபினாக். மூட்டு வலிக்கும் முதுகு வலிக்கும் நம் வீட்டு அலமாரியில் மாத்திரையாகவும் பூசும் களிம்பாகவும் இருக்கிறதே, அதே மருந்துதான்.

வெள்ளைப் பூச்சோடு செத்த 25 பறவைகளின் சிறுநீரகத்தைச் சோதித்தார்கள். இருபத்தைந்திலும் டைக்ளோஃபினாக் இருந்தது. வேறு காரணங்களால் செத்த 13 பறவைகளைச் சோதித்தார்கள், ஒன்றில்கூட இல்லை. அறிவியலில் இவ்வளவு சுத்தமான விடை கிடைப்பது அபூர்வம். 2004-ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் அந்தக் கட்டுரை வந்தது.

மனிதர்களுக்காகச் செய்யப்பட்ட மருந்து, காப்புரிமைக் காலம் முடிந்ததும் 1990-களின் தொடக்கத்தில் மலிவாயிற்று. இந்திய நிறுவனங்கள் பல அதைத் தயாரிக்கத் தொடங்கின. கால்நடைகளுக்கான ஊசியாகவும் அது சந்தைக்கு வந்தது. மடிநோய் வந்த பசு, கால் நொண்டும் எருது, காய்ச்சலில் படுத்துவிட்ட கிழட்டு எருமை எல்லாவற்றுக்கும் ஒரே ஊசி. போட்ட கொஞ்ச நேரத்தில் மாடு எழுந்து தீவனம் தின்னும். வலியால் துடித்த மாட்டுக்கு விவசாயி செய்த நல்லது அது. இதில் குற்றவாளி என்று யாரையும் கை காட்ட முடியாது. ஆனால் சாகப்போகிற மாட்டுக்குத்தானே கடைசி நேரத்தில் ஊசி போடுவார்கள்? ஊசி போட்ட ஓரிரு நாளில் செத்தால் மருந்து இறைச்சியிலேயே தங்கிவிடும். மாட்டை அறுக்காமல் ஊருக்கு வெளியே கொண்டுபோய்ப் போட்டுவிடும் வட்டாரங்களில் அந்த இறைச்சி நேரே பாறுகளுக்குப் போனது.

எல்லா மாட்டுக்கும் ஊசி போட்டிருக்க மாட்டார்களே, சில மாடுகளுக்காக ஓர் இனமே எப்படி அழியும் என்ற கேள்வி நியாயமானது. இதற்கு ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு பாறு மூன்று நாளைக்கு ஒருமுறை உண்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ஏறத்தாழ 120 பந்திகள். 200 மாட்டில் ஒன்றில் மட்டும் நஞ்சு என்று வைத்துக்கொள்வோம். ஒரு பந்தியில் தப்புவது எளிது. 120 பந்தியிலும் தப்ப வேண்டுமே! ஆண்டு முடிவதற்குள் நூற்றில் 45 பறவைகளாவது அந்த ஒரு மாட்டைச் சந்தித்திருக்கும். ஒரு மாட்டைச் சுற்றிப் பல பத்துப் பறவைகள் கூடுவதால் ஒரே பந்தியில் கூட்டமே போகும். இங்கிலாந்தைச் சேர்ந்த ரைஸ் கிரீனும் உடனிருந்தவர்களும் 2004-இல் இதையே முறையாகக் கணக்கிட்டார்கள். கண்ட அழிவை விளக்க, 130 சடலங்களில் ஒன்று முதல் 760 சடலங்களில் ஒன்று வரை நஞ்சாக இருந்தாலே போதும் என்றது அவர்கள் கணக்கு. பின்னர் இந்தியாவில் மாட்டுச் சடலங்களிலிருந்து மாதிரி எடுத்துச் சோதித்தபோது பத்தில் ஒன்றில் அந்த மருந்து இருந்தது.

இந்த இடம் வரைக்கும் பறவையியலாளர்களுக்குப் பழைய செய்தி. ஃபிராங்கும் சுதர்சனும் தொடங்கியது இங்கேதான்.

பாறுகள் போனதால் மனிதர்கள் பாதிக்கப்பட்டிருப்பார்கள் என்ற எண்ணம் முன்பே இருந்தது. அனில் மார்க்கண்டேயா குழுவினர் 2008-இல் ஒரு கணக்குப் போட்டார்கள்: பாறுகள் விட்டுப்போன இறைச்சியைத் தின்று இந்தியாவில் 55 லட்சம் நாய்கள் கூடுதலாகப் பெருகின, 1992 முதல் 2006 வரை வெறிநாய்க்கடியால் மட்டும் ஏறத்தாழ 48,000 பேர் கூடுதலாக இறந்திருக்கலாம். இது சங்கிலியைக் கண்ணி கண்ணியாகக் கோத்துப் போட்ட கணக்கு. இத்தனை நாய், இத்தனை கடி, இத்தனை மரணம் என்று. கண்ணி ஒன்று தப்பானால் எல்லாம் தப்பு.

புதிய ஆய்வு கண்ணிகளை விட்டுவிட்டுச் சங்கிலியின் இரண்டு முனைகளை மட்டும் பிடித்தது. நாட்டில் இயல்பாகவே பாறுகள் வாழத் தகுந்த மாவட்டங்கள் உண்டு. எப்போதுமே அவ்வளவாக இல்லாத மாவட்டங்களும் உண்டு. மருந்து மலிவானது நாடு முழுவதும் ஒரே காலத்தில், 1994-ஐ ஒட்டி. பாறுகள் இல்லாத மாவட்டத்தில் மருந்து வந்தாலும் அழிவதற்கு ஒன்றுமில்லை. ஆகவே 1994-க்கு முன்பும் பின்பும் இந்த இரண்டு வகை மாவட்டங்களின் மரண விகிதத்தை ஒப்பிட்டால் போதும். வறுமை, மழை, மருத்துவமனை வசதி என்று எது மாறினாலும், அது பாறு வரைபடத்தை ஒட்டி, 1994-ஐ ஒட்டி மாறுவதற்கு வாய்ப்பு குறைவு. அறுநூறுக்கும் மேற்பட்ட மாவட்டங்களின் தரவுகளை எடுத்தார்கள். மருந்துக்கு முன்பு இரண்டு வகையும் ஏறத்தாழ ஒரே போக்கில்தான் போயின. மருந்துக்குப் பிறகு பாறு மாவட்டங்களில் மரண விகிதம் மற்றதை விட 4 விழுக்காட்டுக்கு மேல் உயர்ந்தது. மக்கள்தொகையால் பெருக்கினால் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். அந்த ஐந்து லட்சம் வந்த வழி இது.

அதிகக் கால்நடை உள்ள நகரங்களை ஒட்டிய இடங்களில் விளைவு கூடுதலாக இருந்தது என்பது என்னை ஓரளவு நம்பவைத்த செய்தி. செத்த மாடுகளைக் கொண்டுவந்து கொட்டும் இடங்கள் ஊர் எல்லையில்தானே இருக்கும்? வெறிநாய்க்கடித் தடுப்பூசி விற்பனையும் அந்த வட்டாரங்களில் கூடியிருந்தது. நீர்நிலைகளின் தர அளவீடுகளில் மலக்கிருமி அளவு உயர்ந்திருந்தது. கதையின் நடுக் கண்ணிகளும் ஒத்துப்போகின்றன.

ஆனாலும் பலவீனமான இடம் ஒன்று இருக்கிறது. அவர்கள் எந்த மாவட்டத்திலும் பாறுகளை எண்ணவில்லை, எண்ணியிருக்கவும் முடியாது. எங்கே வாழத் தகுந்த சூழல் இருந்தது என்ற வரைபடத்தைத்தான் பயன்படுத்தினார்கள். இறந்தவர்களில் ஒருவர் பெயரையும் இந்த ஆய்வால் சொல்ல முடியாது. எந்த இறப்புச் சான்றிதழிலும் 'பாறு இல்லாமை' என்று எழுதியிருக்காது. ஐந்து லட்சம் என்பதை எண்ணி எடுத்த தலைகளாக அல்லாமல், ஒரு வேறுபாட்டின் அளவாகத்தான் படிக்க வேண்டும். அது மூன்று லட்சமாகவும் இருக்கலாம். அப்போதும் கதை மாறாது.

இன்னொரு எண்ணையும் அவர்கள் தருகிறார்கள்: ஆண்டுக்கு 6,940 கோடி டாலர் இழப்பு. ஒரு இந்திய உயிருக்கு ஏறத்தாழ 6.6 லட்சம் டாலர் மதிப்பு வைத்துப் பெருக்கினால் இந்தத் தொகை வரும். பொருளியலாளர்களுக்கு இது வழக்கமான வேலை. எனக்கு இதில் பெரிய பயன் தெரியவில்லை. நிதித்துறை அதிகாரியின் மேசையில் எடுபடும் என்பதைத் தவிர இந்த எண் புதிதாக எதையும் நமக்குச் சொல்வதில்லை.

பாறு செய்த வேலையை நாயால் ஏன் செய்ய முடியவில்லை? பாறுகள் கூட்டமாக இறங்கினால் ஒரு மாட்டை நாற்பது நிமிடத்தில் எலும்பாக்கிவிடும். அவற்றின் வயிற்று அமிலம் அழுகிய இறைச்சியிலுள்ள கிருமிகளைச் சமாளிக்கும் அளவு கடுமையானது. நாய் கொஞ்சம் தின்னும், இழுத்துப் போடும், மீதி நாள்கணக்கில் கிடந்து அழுகும். அதைத் தேடி எலிகள் வரும். ராஜஸ்தானில் பிகானேருக்கு அருகே ஜோர்பீர் என்ற இடத்தில் செத்த ஒட்டகங்களையும் மாடுகளையும் கொட்டும் பெரிய திடல் இருக்கிறது. எலும்புக் குவியல்களுக்கு நடுவே நாய்கள் கூட்டம் கூட்டமாகத் திரிகின்றன. மஞ்சள்முகப் பாறுகளும் வலசை வந்த கழுகுகளும் அந்த நாய்களுக்குப் பயந்து ஓரமாக உட்கார்ந்திருக்கும். உலகில் வெறிநாய்க்கடியால் இறப்பவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியர்கள்.

பேச்சில் வராத வேறு இழப்புகளும் உண்டு. பாறுகள் சுத்தம் செய்த எலும்புகளைப் பொறுக்கி உர ஆலைக்கும் ஜெலட்டின் ஆலைக்கும் விற்றுப் பிழைத்தவர்களுக்கு, சதை ஒட்டிய எலும்புதான் மிஞ்சியது. செத்த மாட்டை அப்புறப்படுத்தும் வேலை நம் ஊர்களில் யார் தலையில் கட்டப்பட்டிருந்தது என்பது நமக்குத் தெரியும். பறவை செய்த பங்கும் சேர்ந்து அவர்கள் தலையிலேயே விழுந்தது. மும்பை மலபார் குன்றில் பார்சிகள் தங்கள் இறந்தவர்களைப் பறவைகளிடம் ஒப்படைக்கும் மௌன கோபுரங்களில், பறவைகள் வராமல் போனதால் சூரிய வெப்பத்தைக் குவிக்கும் கண்ணாடிகளை நிறுவ வேண்டியதாயிற்று.

பாறுகளுக்கு மட்டும் நேர்ந்த தனிக்கதையா இது என்றால், இல்லை. இதே ஃபிராங்க் அதே 2024-இல் 'சயின்ஸ்' இதழில் அமெரிக்க வௌவால்களைப் பற்றி எழுதினார். 2006 முதல் பரவிய ஒரு பூஞ்சை நோயால் வௌவால்கள் செத்த மாவட்டங்களில் விவசாயிகள் பூச்சிக்கொல்லியை 31 விழுக்காடு கூடுதலாக அடித்தார்கள். அங்கே பச்சிளங்குழந்தைகளின் இறப்பு ஏறத்தாழ 8 விழுக்காடு உயர்ந்தது. முறையும் அதேதான்: நோய் வந்த மாவட்டம், வராத மாவட்டம். பூச்சி தின்னும் வௌவாலின் வேலையை மருந்துத் தெளிப்பான் எடுத்துக்கொண்டது. கூலி வேறு வழியில் வசூலானது.

இந்தியாவுக்குத் திரும்புவோம். கால்நடைகளுக்கான டைக்ளோஃபினாக் 2006-இல் தடை செய்யப்பட்டது. நேபாளமும் பாகிஸ்தானும் அதே ஆண்டில், வங்கதேசம் 2010-இல். ஆய்வு வந்து இரண்டே ஆண்டில் தடை என்பது நம் அரசு வேகத்துக்கு மிகப் பெரிய விஷயம்; குறை சொல்லக் கூடாது. மாற்று மருந்தும் கைவசம் இருந்தது: மெலாக்சிகாம். அதை முதலில் ஆப்பிரிக்கப் பாறுகளுக்கும் பின்னர் இந்தியப் பாறுகளுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள், பாதிப்பு இல்லை.

ஆனால் ஓட்டை எங்கே இருந்தது தெரியுமா? மனிதர்களுக்கான டைக்ளோஃபினாக் ஊசி மருந்து 30 மில்லி குப்பியில் விற்றது. ஒரு மனிதருக்கு ஒரு வேளைக்கு 3 மில்லி போதும். 30 மில்லி குப்பி யாருக்கு? மாட்டுக்குத்தான், சட்டத்தின்படி அது மனித மருந்து, கடைக்காரர் தாராளமாக விற்கலாம். பறவையியலாளர்கள் வாடிக்கையாளர்களைப் போல மருந்துக்கடைகளுக்குப் போய் "மாட்டுக்கு வலி ஊசி கொடுங்கள்" என்று கேட்டு, எதை எடுத்து நீட்டுகிறார்கள் என்று பல ஆண்டுகள் குறித்துக்கொண்டார்கள். நேபாளத்திலும் வங்கதேசத்திலும் டைக்ளோஃபினாக் நீட்டப்படுவது வெகுவாகக் குறைந்தது; இந்தியாவில் பல இடங்களில் அது தொடர்ந்தது. 2015-இல் மத்திய அரசு, மனிதர்களுக்கான ஊசியை ஒரு வேளைக்கான 3 மில்லி குப்பியில்தான் விற்க வேண்டும் என்றது. மாட்டுக்கு வேண்டுமானால் இனி பல குப்பிகளை உடைக்க வேண்டும்; செலவும் தொல்லையும் கூடும். மருந்து நிறுவனங்கள் எதிர்த்து வழக்குப் போட்டன. சென்னை உயர் நீதிமன்றம் 2017-இல் அதைத் தள்ளுபடி செய்தது. குப்பியின் அளவைக் குறைத்து ஒரு பறவை இனத்தைக் காப்பாற்றப் பார்த்தது சின்ன யோசனைதான். எனக்கு மிகவும் பிடித்த யோசனை.

அடுத்த ஓட்டை, அதே குடும்பத்து மற்ற மருந்துகள். கீட்டோபுரோஃபென் பாறுகளைக் கொல்லும். அசிக்ளோஃபினாக் மாட்டின் உடம்புக்குள் போனதும் டைக்ளோஃபினாக்காகவே மாறிவிடும். வேறு பெயரில் அதே நஞ்சு. இவை இரண்டும் நாடு முழுவதும் கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்டது 2023-இல். கீட்டோபுரோஃபெனை நீலகிரி, ஈரோடு, கோயம்புத்தூர் மாவட்டங்களில் தமிழக அரசு அதற்குப் பல ஆண்டுகள் முன்பே நிறுத்தியிருந்தது. நிமிசுலைடு தடை 2024 டிசம்பர் இறுதியில் வந்தது. கால்நடை மருந்து ஒன்றுக்கு உரிமம் கொடுக்கும் முன்னால் அது பாறுகளைக் கொல்லுமா என்று பார்த்துவிட வேண்டும் என்ற விதி இருந்தால் இப்படி ஒவ்வொன்றாகத் துரத்த வேண்டியிருக்காது. அந்த விதி இல்லை. ஸ்பெயின் இத்தனையும் தெரிந்த பிறகு, 2013-இல், கால்நடை டைக்ளோஃபினாக்கிற்கு அனுமதி கொடுத்தது. 2020-இல் அங்கே ஒரு கரும்பாறுக் குஞ்சு அதே நோயோடு செத்துக் கிடந்தது.

வட இந்தியப் பாறுகள் அழிந்தபோது தெற்கே ஒரு சின்னக் கூட்டம் தப்பியது. நீலகிரிச் சரிவுக்குக் கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்கு. ஆற்றங்கரையில் நெடுநெடுவென்று நிற்கும் நீர்மத்தி மரங்களின் உச்சியில் வெண்முதுகுப் பாறுகள் கூடு கட்டுகின்றன. முதுமலையும் சத்தியமங்கலமும் பந்திப்பூரும் அங்கே கைகோத்துக்கொள்கின்றன. புலியும் செந்நாயும் விட்டுப்போன மானும் காட்டெருமையும்தான் இவற்றின் முக்கிய உணவு. மாட்டு ஊசி அந்த இறைச்சியில் இருக்காது. அவை தப்பியதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். ஆனால் காட்டோர ஊர்களின் மாடுகளும் அவற்றின் பந்தியில் உண்டு. தன் மாட்டை அடித்த புலியைப் பழிவாங்க அந்த மாட்டின் மேல் பூச்சிமருந்தை ஊற்றி வைப்பவர்களும் உண்டு. அதற்கு முதலில் சாவது பாறுதான்.

2023 பிப்ரவரியில் தமிழ்நாடு, கர்நாடகம், கேரளம் ஆகிய மூன்று மாநில வனத்துறைகளும் ஒரே நாள்களில் இவற்றை எண்ணின. ஒரே நேரத்தில் எண்ணியதற்குக் காரணம் உண்டு. காலையில் மாயாற்றில் கண்ட பறவை பிற்பகலில் வயநாட்டுக்கு மேல் வட்டமிட்டுக்கொண்டிருக்கும். அது எந்த மாநிலத்துப் பறவை என்று அதற்கே தெரியாது. கிடைத்தது 246. அதே ஆண்டு டிசம்பர் இறுதியில் மறுபடி எண்ணியபோது 320. அதில் வெண்முதுகுப் பாறுகள் 217, செம்முகப் பாறுகள் 50, கருங்கழுத்துப் பாறுகள் 47. பத்து மாதத்தில் 74 கூடிவிட்டது என்று மகிழ்ச்சிச் செய்திகள் வந்தன. ஒரு ஜோடிக்கு ஆண்டுக்கு ஒரே முட்டை. அதில் குஞ்சாகிப் பறப்பது எல்லாம் அல்ல. ஆகவே கூடுதலாகத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி, நாம் முன்னைவிட நன்றாக எண்ணக் கற்றுக்கொண்டதன் பலனாகவே இருக்க வேண்டும். அதுவும் நல்ல செய்திதான்.

நேபாளத்தில் எண்ணிக்கை 2010-களின் நடுவிலிருந்து மெல்ல ஏறுகிறது. அங்கே நவல்பராசியில் கிழட்டு மாடுகளை ஊரார் வாங்கி, மருந்து கலக்காமல் வைத்துப் பராமரித்து, தானாகச் செத்த பிறகு பாறுகளுக்குப் போடுகிறார்கள். அதற்கு 'ஜடாயு உணவகம்' என்று பெயரும் வைத்திருக்கிறார்கள். இந்தியாவில் ஹரியானாவின் பிஞ்சோரில் கூண்டில் வளர்த்துப் பெருக்கும் நிலையம் இருபது ஆண்டுகளுக்கு மேலாக நடக்கிறது.

வெண்முதுகுப் பாறு குளிர்காலத்தில் முட்டையிடும். குஞ்சு வளர்ந்து தானும் ஜோடி சேர ஐந்து ஆண்டுகளாவது ஆகும். நிமிசுலைடு தடை அரசிதழில் வந்த அந்த டிசம்பரில் மாயாற்று நீர்மத்தி ஒன்றின் உச்சியில் இட்ட முட்டை பொரிந்து, அந்தக் குஞ்சு செத்த மாடுகளையெல்லாம் தாண்டிப் பிழைத்தால், தன் முதல் முட்டையை 2029-இலோ 2030-இலோ இடும்.